வீட்டில் மார்ட்டினி: கலக்குவதா, குலுக்குவதா, ஃப்ரீசரிலிருந்து அப்படியே ஊற்றுவதா?

போன வருடம் வீட்டுக்கு வந்த நண்பர் ஒருவருக்கு ஒரே ஜின்னில் இரண்டு மார்ட்டினி செய்து வைத்தேன். இரண்டிலும் ஜின் 60 மி.லி., வெர்மூத் என்கிற மூலிகை ஒயின் 15 மி.லி. இரண்டையும் ஒரே அளவு ஐஸில் அரை நிமிடம் கலக்கி, ஒரே மாதிரி கிளாஸில் வடித்தேன். வெர்மூத் மட்டும்தான் வேறு. ஒன்றுக்கு அன்றைக்கு மூடி திறந்த பாட்டில். இன்னொன்றுக்கு, திறந்து பத்து மாதமாக அலமாரியிலேயே நின்றிருந்த அதே பிராண்டு பாட்டில். முதல் கிளாஸைக் குடித்துவிட்டு நண்பர் நிதானமாகத் தலையாட்டினார். இரண்டாவதில் ஒரு மடக்கு குடித்ததும் கிளாஸைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "என்னப்பா, இது வேற ஜின்னா?"

நானும் பல வருடம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். மார்ட்டினி சரியாக வரவில்லை என்றால் பழி ஜின் மேல் விழும். அடுத்த முறை இன்னும் உசத்தியான ஜின் வாங்குவேன். அதையும் அதே பழைய வெர்மூத்தோடு சேர்த்துக் கெடுப்பேன். இதில் இருப்பதே ஜின், வெர்மூத், ஐஸ் உருகிய தண்ணீர், மேலே கொஞ்சம் எலுமிச்சை வாசனை, அவ்வளவுதான். சர்க்கரையும் பழச்சாறும் இருக்கிற காக்டெயிலில் ஒரு பிசகு மறைந்துபோகும். இங்கே மறைய இடமே இல்லை. அதனால் எதைத் தேர்ந்தெடுப்பது என்று யோசிக்கும்போது, எந்த ஜின் என்ற கேள்வியை நான் கடைசிக்குத் தள்ளிவைப்பேன். எப்படிக் குளிர வைப்பது, எவ்வளவு வெர்மூத், அந்த வெர்மூத் எந்த நிலையில் இருக்கிறது என்ற மூன்றும்தான் கிளாஸில் உடனே தெரியும்.

எது கிளாசிக்?

"கிளாசிக் மார்ட்டினி" என்று எல்லோரும் சொல்கிறோம். ஆனால் ஒவ்வொரு காலத்துக்கும் ஒவ்வொரு கிளாசிக் இருந்திருக்கிறது. 1884-ல் வெளிவந்த ஓ.எச். பைரனின் மதுக்கலவைக் கையேட்டில் 'மார்ட்டினெஸ்' என்று ஒரு கலவை வருகிறது. மன்ஹாட்டன் என்கிற விஸ்கி காக்டெயில் மாதிரியே செய்யுங்கள், விஸ்கிக்குப் பதிலாக ஜின் என்பதுதான் அதற்குத் தரப்பட்ட குறிப்பு. அந்தக் காலத்தில் புழக்கத்தில் இருந்த 'ஓல்டு டாம்' ஜின் லேசாக இனிக்கும். சேர்த்த இத்தாலிய வெர்மூத்தும் சிவந்த நிறத்தில் இனிப்பாக இருக்கும். இன்று அதைக் குடித்தால் யாரும் மார்ட்டினி என்று சொல்ல மாட்டார்கள். வெர்மூத் தயாரிக்கும் மார்ட்டினி அண்ட் ரோஸி நிறுவனம் தன் 'எக்ஸ்ட்ரா டிரை' வெர்மூத்தை வெளியிட்டது 1900-ல். அதை ஒட்டிய ஆண்டுகளில் இனிப்பில்லாத ஜின்னும் இனிப்பில்லாத வெர்மூத்தும் சேர்ந்து, கூடவே ஒரு துளி ஆரஞ்சு பிட்டர்ஸ் என்கிற கசப்புச் சாறுமாக, இன்று நாம் அறிந்த டிரை மார்ட்டினி உருவானது. ஆனால் அப்போது சரிபாதி வெர்மூத், மூன்றில் ஒரு பங்கு வெர்மூத் என்பதெல்லாம் சாதாரணம். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் வெர்மூத் ஐந்தில் ஒன்று, பதினைந்தில் ஒன்று என்று தேய்ந்து, பாட்டிலைக் கிளாஸுக்கு மேலே ஆட்டினால் போதும் என்கிற அளவுக்குப் போய்விட்டது.

ஆகவே வெர்மூத் நிறையச் சேர்த்தால் அது 'சரியான' மார்ட்டினி இல்லை என்று யாராவது சொன்னால் கவலைப்பட வேண்டாம். வயதில் மூத்தது அதுதான்.

முதல் முடிவு: எப்படிக் குளிர வைப்பது?

வீட்டில் செய்பவர் முன்னால் நான்கு வழிகள் இருக்கின்றன. ஐஸோடு கரண்டியால் கலக்கலாம். ஷேக்கரில் குலுக்கலாம். ஜின்னை ஃப்ரீசரில் வைத்து அப்படியே ஊற்றலாம். இல்லையென்றால் தண்ணீரும் வெர்மூத்தும் முன்பே சேர்த்து ஒரு பாட்டிலாக ஃப்ரீசரில் வைத்துவிடலாம்.

இவற்றை ஒப்பிட ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் போதும். ஐஸ் குளிர்ச்சியாக இருப்பதால் பானம் குளிர்வதில்லை, ஐஸ் உருகுவதால்தான் குளிர்கிறது. மைனஸ் 18 டிகிரியில் இருக்கும் ஒரு கிராம் ஐஸ் பூஜ்யத்துக்கு வரும் வரை சுமார் 9 கலோரி வெப்பத்தைத்தான் இழுத்துக்கொள்ளும். அதே ஒரு கிராம் உருகித் தண்ணீராக மாறும்போது 80 கலோரியை இழுத்துக்கொள்கிறது. அதாவது தண்ணீர் சேராமல் ஐஸால் குளிர வைக்க முடியாது. அந்தத் தண்ணீரை வேண்டாத விருந்தாளியாகப் பார்ப்பவர்கள்தான் மார்ட்டினியில் அதிகம் தடுமாறுகிறார்கள். 43 சதவீத ஜின்னை நேராகக் குடித்தால் நாக்கு எரியும், மூக்கில் ஆல்கஹால்தான் முதலில் ஏறும். ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர் சேர்ந்ததும் ஜின்னுக்கு அடிப்படை வாசனை தரும் ஜூனிபர் காயும் கொத்தமல்லி விதையும் எலுமிச்சைத் தோலும் ஒவ்வொன்றாக வெளியே வரும்.

கலக்குவது

மேலே சொன்ன 75 மி.லி. கலவையை, அறைச் சூட்டில் இருக்கும் ஜின்னில் தொடங்கி, பெரிய ஐஸ் கட்டிகளோடு முப்பது விநாடி கலக்கினால் வடிக்கும்போது ஏறக்குறைய 95 மி.லி. வரும். இருபது மி.லி. ஐஸிலிருந்து வந்த தண்ணீர். ஆல்கஹால் 30 சதவீதத்துக்கு இறங்கியிருக்கும், வெப்பநிலையும் பூஜ்யத்துக்குக் கீழே சில டிகிரி போயிருக்கும். ஆல்கஹால் கலந்த தண்ணீர் பூஜ்யத்தில் உறையாது என்பதால்தான் அவ்வளவு கீழே இறங்க முடிகிறது.

கலக்கினால் கிடைக்கும் பானம் கண்ணாடி போலத் தெளிவாக, வாயில் கொஞ்சம் கனமாக, வழுக்கிக்கொண்டு இறங்கும். மார்ட்டினியின் பட்டுத்தன்மை என்று பலர் சொல்வது இதைத்தான். கூடவே, எவ்வளவு தண்ணீர் சேர வேண்டும் என்பது உங்கள் கையில் இருக்கிறது. இருபது விநாடியில் நிறுத்தினால் காரமாக இருக்கும். நாற்பது தாண்டினால் சாந்தமாகும். பத்து விநாடிக்கு ஒருமுறை கரண்டி நுனியில் ஒரு சொட்டு எடுத்து நாக்கில் வைத்துப் பாருங்கள். மூன்று தடவை செய்தால் உங்களுக்கான பதம் பிடிபட்டுவிடும், அப்புறம் கடிகாரம் பார்க்க வேண்டியதில்லை.

இதற்குப் பாத்திரம் கூடப் பெரிதாகத் தேவையில்லை. வாய் அகன்ற கண்ணாடி ஜாடி, நீளக் கரண்டி, ஒரு வடிகட்டி போதும். ஜாடியை முன்பே ஐஸ் தண்ணீரில் குளிர வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் தடித்த கண்ணாடியைக் குளிர்விப்பதற்கே பாதி ஐஸ் உருகிவிடும். ஐஸ் விஷயத்தில் மட்டும் கறாராக இருக்க வேண்டும். வெளியே வைத்திருந்து வியர்த்துப்போன ஐஸில் ஏற்கெனவே தண்ணீர் ஒட்டியிருக்கும். அது குளிர்ச்சி தராமல் நீர்க்க மட்டும் செய்யும். அதோடு ஃப்ரீசரில் மீனோ வெங்காயமோ மூடாமல் இருந்தால் அந்த வாடை ஐஸில் ஏறி நேரே கிளாஸுக்கு வந்துவிடும். மூடி உள்ள தட்டில் ஐஸ் உறைய வைப்பது சின்ன வேலைதான், ஆனால் பலன் பெரிது.

குலுக்குவது

குலுக்குவது வேகமான வேலை. பத்துப் பன்னிரண்டு விநாடியில் கலக்குவதைவிட அதிகக் குளிர்ச்சி வந்துவிடும், தண்ணீரும் கூடுதலாகச் சேரும். காற்றுக் குமிழிகள் புகுந்து பானம் கலங்கலாக இருக்கும், மேலே ஊசி ஊசியாக ஐஸ் துணுக்குகள் மிதக்கும். இரண்டு நிமிடம் போனால் தெளிந்துவிடும். 'குலுக்கினால் ஜின் காயப்பட்டுவிடும்' என்று ஒரு பேச்சு உண்டு. ஜின்னுக்குக் காயமெல்லாம் படாது. மாறுவது தண்ணீரும் காற்றும்தான்.

எனக்குக் குலுக்கிய ஜின் மார்ட்டினி பிடிப்பதில்லை, அந்தக் கனம் போய் நாக்கில் நுரைத்த மாதிரி ஆகிவிடுகிறது. ஆனால் ஆலிவ் ஊறிய உப்புத் தண்ணீர் சேர்க்கும் 'டர்ட்டி' மார்ட்டினிக்கு நானே ஷேக்கரைத்தான் எடுப்பேன். அது எப்படியும் கலங்கலாகத்தான் இருக்கப் போகிறது. உப்பின் கரகரப்பை அந்தக் கூடுதல் தண்ணீரும் குளிர்ச்சியும் அழகாக அடக்கும். வோட்காவில் செய்பவர்களுக்கும் குலுக்குவது பொருந்தும், ஏனென்றால் வோட்காவில் இழப்பதற்கு வாசனை அதிகம் இல்லை, கடுங்குளிர்ச்சிதான் அதன் சுவையில் பாதி.

ஃப்ரீசரிலிருந்து நேராக

லண்டனில் செயின்ட் ஜேம்ஸ் பகுதியில் இருக்கும் டியூக்ஸ் ஓட்டலின் பார் இந்த முறைக்குப் பேர்போனது. உறைபனி படிந்த கிளாஸில் கொஞ்சம் வெர்மூத்தை விட்டுச் சுழற்றி, ஃப்ரீசரில் இருந்த ஜின்னை நேரே ஊற்றி, எலுமிச்சைத் தோலைப் பிழிந்து போட்டுத் தருவார்கள். ஐஸும் இல்லை, தண்ணீரும் இல்லை. ஒருவருக்கு இரண்டுக்கு மேல் தருவதில்லை என்பது அங்கே வழக்கம். கணக்குப் போட்டுப் பார்த்தால் காரணம் புரியும். கலக்கிய மார்ட்டினி 30 சதவீதம் என்றால் இது கிட்டத்தட்ட ஜின்னின் முழு வலிமையோடே, 40-ஐ ஒட்டி நிற்கிறது.

சுவையிலும் இது வேறு ஜாதி. மைனஸ் 18 டிகிரியில் ஜின் எண்ணெய் மாதிரித் தடித்து ஊற்றும். முதல் மடக்கில் காரமே தெரியாது, குளிர் எல்லாவற்றையும் மூடிவிடும். கிளாஸ் சூடேற ஏறத்தான் ஜின் முழுசாக வெளியே வரும், அப்போது அது மிகவும் வலுவாக இருக்கும். பொறுமையாக, சின்னக் கிளாஸில், ஜின்னை ஜின்னாகவே விரும்பிக் குடிப்பவருக்கு இது அற்புதம். முதல்முறை மார்ட்டினி குடிப்பவருக்கு இதைக் கொடுக்காதீர்கள்.

இங்கே வீட்டில் நிறையப் பேர் செய்யும் ஒரு பிசகைச் சொல்ல வேண்டும். ஃப்ரீசரில் வைத்த ஜின்னை எடுத்து, அதை ஐஸிலும் போட்டுக் கலக்குவார்கள். இரட்டைக் குளிர்ச்சி கிடைக்கும் என்று நினைப்பு. ஆனால் ஜின் ஐஸ் அளவுக்கே குளிர்ந்திருப்பதால் ஐஸ் அவ்வளவாக உருகாது. வழக்கமான நேரம் கலக்கினாலும் போதிய தண்ணீர் சேராமல் காரம் நிற்கும். ஃப்ரீசர் ஜின் வைத்திருந்தால், கலக்குவதை மறந்துவிட்டு, 60 மி.லி.க்கு நான்கு டீஸ்பூன், அதாவது 20 மி.லி. ஃப்ரிட்ஜ் தண்ணீரை அளந்து சேருங்கள். கலக்கிய மார்ட்டினியின் வலிமை, ஃப்ரீசரின் குளிர்ச்சி, இரண்டும் கிடைக்கும்.

முன்பே கலந்த பாட்டில்

அந்த யோசனையின் பெரிய வடிவம்தான் நான்காவது வழி. 500 மி.லி. ஜின், 100 மி.லி. வெர்மூத், 100 மி.லி. நல்ல தண்ணீர் மூன்றையும் 750 மி.லி. பாட்டிலில் ஊற்றி, நன்றாகக் குலுக்கி ஃப்ரீசரில் படுக்க வைத்தால், ஏழெட்டுப் பேருக்கு ஒரே பதத்தில் மார்ட்டினி தயார். ஆட்கள் வந்ததும் ஊற்ற வேண்டியதுதான், சமையலறையில் நின்று கலக்கிக்கொண்டிருக்க வேண்டாம்.

தண்ணீரை இன்னும் கொஞ்சம் சேர்க்கலாமே என்று தோன்றும். அங்கேதான் ஒரு எல்லை இருக்கிறது. 40 சதவீத ஆல்கஹால் உறைய மைனஸ் 23 டிகிரிக்குப் போக வேண்டும், அதனால் வெறும் ஜின் வீட்டு ஃப்ரீசரில் உறைவதில்லை. 30 சதவீதமானால் மைனஸ் 15-லேயே உறையத் தொடங்கும். நான் மேலே சொன்ன அளவை 43 சதவீத ஜின்னில் செய்தால் கலவை 33 சதவீதத்தில் நிற்கும், அது மைனஸ் 18-க்கு விளிம்பு. ஒருமுறை நான் 150 மி.லி. தண்ணீர் சேர்த்துவிட்டேன். மறுநாள் பாட்டிலைச் சாய்த்தால் கஞ்சி மாதிரி வந்தது. வந்தவர்கள் காத்திருக்க, பாட்டிலைக் குழாய்த் தண்ணீரில் பிடித்துக்கொண்டு நின்றேன். இப்படி ஆனால் ஊற்றிவிடாதீர்கள். உறைந்தது தண்ணீர்தான். அதை விட்டுவிட்டு மீதியை ஊற்றினால் முதல் கிளாஸ் காரமாகவும் கடைசிக் கிளாஸ் தண்ணியாகவும் போகும். வெளியே பத்து நிமிடம் வைத்து, முழுக்கக் குலுக்கிவிட்டுப் பரிமாறுங்கள்.

நான்கில் எது என்று என்னைக் கேட்டால், ஒருவரோ இருவரோ என்றால் கலக்குவது. அந்த அரை நிமிடமும் குடிப்பதின் ஒரு பகுதிதான். நான்கு பேருக்கு மேல் என்றால் முன்பே கலந்த பாட்டில். ஒவ்வொரு கிளாஸாகக் கலக்கினால் கடைசி ஆளுக்குக் கொடுக்கும்போது முதல் ஆளின் கிளாஸ் சூடாகியிருக்கும்.

எவ்வளவு வெர்மூத்?

சர்வதேச பார்டெண்டர்கள் சங்கமான ஐ.பி.ஏ. தரும் அளவு ஜின் 60 மி.லி., டிரை வெர்மூத் 10 மி.லி., அதாவது ஆறுக்கு ஒன்று. இது நவீன பார்களின் நடுவழி. ஜின் முன்னால் நிற்கும், வெர்மூத் பின்னணியில் ஒரு மூலிகை வாசனையாக மட்டும் இருக்கும்.

நான்குக்கு ஒன்றுதான் என் வீட்டு அளவு. ஒரு டேபிள்ஸ்பூன் 15 மி.லி. என்பதால் அளவுக் கோப்பை இல்லாதவரும் நான்கு ஸ்பூன் ஜின்னுக்கு ஒரு ஸ்பூன் வெர்மூத் என்று எடுத்துவிடலாம். கண்மதிப்பில் மட்டும் ஊற்றாதீர்கள். மார்ட்டினியில் 5 மி.லி. கூடுவதும் குறைவதும் நன்றாகத் தெரியும்.

சரிபாதி, அதாவது 'ஃபிஃப்டி-ஃபிஃப்டி', பலர் முயற்சி செய்யத் தயங்குவது. ஜின் 35, வெர்மூத் 35, கலக்கி வடித்தால் வலிமை 24 சதவீதம் அளவில் இருக்கும். இதில் வெர்மூத் வாசனைப்பொருள் அல்ல, சமபங்காளி. லேசான கசப்பு, பூ வாசனை, ஒயினின் புளிப்பு எல்லாம் தெரியும். ஒரு துளி ஆரஞ்சு பிட்டர்ஸ் சேர்த்தால் இரண்டும் நன்றாகப் பிணையும். மார்ட்டினி என்றாலே காரம் என்று ஒதுங்குபவருக்கு இதைக் கொடுத்துப் பாருங்கள், பெரும்பாலும் கிளாஸ் காலியாகித்தான் திரும்பி வரும். ஆனால் இதற்கு வெர்மூத் புதிதாக இருந்தே ஆக வேண்டும். பாதி கிளாஸ் அதுதான்.

பதினைந்துக்கு ஒன்று, கிளாஸை நனைத்துக் கொட்டுவது போன்றவற்றை வீட்டில் நான் பரிந்துரைக்க மாட்டேன். அது குளிர்ந்த ஜின், அதில் தவறில்லை, அப்படியே குடிக்கலாம். ஆனால் வெர்மூத்தைக் கண்டு ஜனங்கள் ஓடியதற்குக் கெட்டுப்போன வெர்மூத்தும் ஒரு காரணமாக இருந்திருக்கும் என்பது என் எண்ணம். அன்றைக்கு என் நண்பர் குடித்த இரண்டாவது கிளாஸை மட்டும் ஒருவர் வாழ்நாள் முழுக்கக் குடித்திருந்தால், அவரும் வெர்மூத்தைக் குறைத்துக்கொண்டேதான் போயிருப்பார்.

வெர்மூத் ஒயின்தான்

வெர்மூத் என்பது மூலிகைகள் ஊறவைத்து, கொஞ்சம் ஸ்பிரிட் சேர்த்து வலுவூட்டிய ஒயின். எட்டிக்காய்க் கசப்புள்ள வொர்ம்வுட் செடிக்கு ஜெர்மன் மொழியில் இருக்கும் பெயரிலிருந்துதான் இந்தப் பெயரே வந்தது. 15-லிருந்து 18 சதவீத ஆல்கஹால் இருப்பதால் சாதாரண ஒயினைவிடக் கொஞ்ச நாள் கூடுதலாகத் தாங்கும். ஆனால் திறந்தபின் காற்று பட்டு மெல்லமெல்லச் சோர்ந்துபோகும். முதலில் பூ வாசனை போகும், பிறகு நிறம் கருக்கும், பிறகு கன்றிய பழம் மாதிரி ஒரு வாடை. திறந்தால் ஃப்ரிட்ஜில் வையுங்கள், ஒரு மாதத்துக்குள் முடியுங்கள், இரண்டு மாதம் தாண்டினால் சமையலுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டில் மேல் திறந்த தேதியைப் பேனாவால் எழுதிவைப்பது என் பழக்கம். கிடைத்தால் 375 மி.லி. பாட்டிலே வாங்குங்கள். ஃப்ரீசரில் மட்டும் வைக்காதீர்கள், அந்த வலிமைக்கு அது உறைந்துவிடும்.

மூன்று பெயர்கள் பரவலாகக் கிடைக்கும். நொய்லி பிராட், 1813-ல் ஜோசப் நொய்லி உருவாக்கியது. தெற்கு பிரான்சின் மார்செயான் ஊரில் ஒயினை மரப்பீப்பாய்களில் வெட்டவெளியில் வெயிலும் காற்றும் பட வைத்துப் பக்குவப்படுத்துகிறார்கள். அதனால் மூன்றில் இதற்குத்தான் வாயில் கனம் அதிகம், பாதாம் போன்ற ஒரு முதிர்ச்சியும் உண்டு. ஆலிவோடு இதுதான் பொருந்தும். டோலின், ஆல்ப்ஸ் அடிவாரத்துச் சாம்பெரியிலிருந்து 1821 முதல் வருவது. மெல்லியது, பூவும் மலைமூலிகையுமாக. சரிபாதிக்கு என் முதல் தேர்வு இதுவே. எலுமிச்சைத் தோலோடு பிரமாதமாக இருக்கும். மார்ட்டினி எக்ஸ்ட்ரா டிரை கூர்மையாக, நேராக, ஆறுக்கு ஒன்று அளவில் நன்றாக வேலை செய்யும். பெயரில் மார்ட்டினி இருப்பதால் அதுவே காக்டெயில் என்று நினைத்து வாங்கிவிடுபவர்களும் உண்டு. அது வெர்மூத் மட்டும்தான், ஜின் தனியாக வேண்டும்.

ஜின்னா, வோட்காவா?

ஜின்னில் ஜூனிபர் முன்னால் தெரிய வேண்டும், அதுதான் அதன் இலக்கணம். லண்டன் டிரை வகையில் வடித்தபின் வாசனையோ நிறமோ சேர்க்கக் கூடாது. லண்டன் என்பது முறையின் பெயர், ஊரின் பெயர் அல்ல, எங்கே வேண்டுமானாலும் தயாரிக்கலாம். டாங்கரே நான்கே மூலிகைகளில் வடிக்கப்படுவது: ஜூனிபர், கொத்தமல்லி விதை, ஏஞ்சலிகா வேர், அதிமதுரம். எலுமிச்சைத் தோல் அதில் கிடையாது, அதனால் மேலே பிழியும் தோல் பளிச்சென்று தனியாகக் கேட்கும். பீஃபீட்டரில் ஒன்பது மூலிகைகள். எலுமிச்சைத் தோலும் கசப்பு ஆரஞ்சுத் தோலும் உள்ளேயே உண்டு. பிளிமத் கொஞ்சம் சாதுவானது, மண்வாசனை கூடியது, சரிபாதிக்கு ஏற்றது. வெள்ளரியும் ரோஜாவும் சேர்ந்த ஹென்ட்ரிக்ஸை நான் டானிக்கோடு விரும்புவேன், வெர்மூத்தோடு சேரும்போது இரண்டு பூ வாசனைகளும் மோதுகின்றன.

வலிமையைப் பார்த்து வாங்குங்கள். ஐரோப்பாவில் ஜின்னுக்குக் குறைந்தபட்சம் 37.5 சதவீதம், அமெரிக்காவில் 40. ஒரே பிராண்டு நாட்டுக்கு நாடு வேறு வேறு வலிமையில் பாட்டிலில் அடைக்கப்படுவதும் உண்டு. 37.5 சதவீத ஜின்னைக் கலக்கினால் தண்ணீர் சேர்ந்ததும் தொய்ந்துவிடும். 41-லிருந்து 47 வரை இருப்பது மார்ட்டினிக்குத் தோதானது. 57 சதவீத 'நேவி' வலிமை ஜின்னையும் சிலர் எடுக்கிறார்கள், ஒரு கிளாஸுக்கு அது தேவையில்லாத பாரம்.

வோட்காவைத் தேர்ந்தெடுப்பவர்களைக் குறைவாகப் பார்க்க எனக்கு விருப்பமில்லை. ஜூனிபர் வாசனை பிடிக்காதவர்களுக்கு எவ்வளவு நல்ல ஜின்னும் மருந்து மாதிரித்தான் இருக்கும். ஆனால் வோட்காவில் செய்தால் சுவை தர வேண்டிய பொறுப்பு வெர்மூத்துக்கும் தோலுக்கும் ஆலிவுக்கும் வந்துவிடுகிறது. அங்கே வெர்மூத்தைக் குறைத்தால் கிளாஸில் எதுவுமே இருக்காது. வோட்காவுக்கு மூன்றுக்கு ஒன்று அளவை எடுங்கள்.

தோலா, ஆலிவா?

எலுமிச்சை என்றால் இங்கே மஞ்சளான, தடித்த தோல் கொண்ட பெரிய லெமன். சின்ன, பச்சை எலுமிச்சையின் தோல் வாசனை வேறு, மார்ட்டினியை அது திசைதிருப்பிவிடும். காய் சீவும் கருவியால் இரண்டு விரல் நீளத்துக்கு மெல்லியதாகச் சீவுங்கள், உள்ளே இருக்கும் வெள்ளைச் சதை வந்தால் கசக்கும். மஞ்சள் பக்கம் பானத்தைப் பார்க்கும்படி பிடித்து ஒரு அழுத்து அழுத்தினால், வெளிச்சத்தில் புகை மாதிரி எண்ணெய் தெறிப்பது தெரியும். பானத்தின் மேலே மினுமினுப்பாகப் படரும் அதுதான் முதல் வாசனை. ஃபிரெஷ்ஷான, மெழுகு பூசாத பழமாக இருக்க வேண்டும். நேற்று சீவி வைத்த தோலில் எண்ணெய் இருக்காது.

ஆலிவ் மார்ட்டினியை வேறு பக்கம் இழுக்கிறது, உப்பு, கொழுப்பு, கடித்துச் சாப்பிட ஏதோ ஒன்று. உப்பு நீரில் இருக்கும் பச்சை ஆலிவையே எடுங்கள். எண்ணெயில் ஊறியது பானத்தில் எண்ணெய்ப் படலம் விடும். ஃப்ரிட்ஜில் குளிர்ந்திருக்கட்டும், இல்லையென்றால் மூன்று ஆலிவ் சேர்ந்து கிளாஸையே சூடேற்றிவிடும். ஆலிவுக்குப் பதிலாக ஊறவைத்த சின்ன வெங்காயம் போட்டால் அதன் பெயர் கிப்சன். என் மட்டில் ஜின்னுக்குத் தோல், வோட்காவுக்கு ஆலிவ்.

கிளாஸ், அளவு

அகன்ற வி வடிவ மார்ட்டினி கிளாஸ் அழகுதான், ஆனால் இன்று விற்பவை பெரும்பாலும் 200 மி.லி.க்கு மேல். 95 மி.லி. மார்ட்டினி அதில் அடியில் கிடக்கும். நிரப்ப வேண்டும் என்று கை தானாக ஊற்றும், பாதி குடிப்பதற்குள் மீதி சூடாகிவிடும். 120-லிருந்து 150 மி.லி. பிடிக்கும், அகன்ற கிண்ணம் போன்ற சின்ன கூப் கிளாஸோ, மணி போல இருக்கும் நிக் அண்ட் நோரா கிளாஸோ வாங்குங்கள். எதுவானாலும் கால் மணி நேரம் ஃப்ரீசரில் இருந்திருக்க வேண்டும். தண்டைப் பிடித்துக் குடியுங்கள், கிண்ணத்தைப் பிடித்தால் உள்ளங்கைச் சூடு ஏறும்.

60 மி.லி. ஜின்னும் 15 மி.லி. வெர்மூத்தும் சேர்ந்தால் சுத்த ஆல்கஹால் 28 மி.லி.க்குச் சற்று மேல். பிரிட்டன் சுகாதார வழிகாட்டுதலின்படி 10 மி.லி. ஒரு யூனிட், வாரத்துக்கு 14 யூனிட்டுக்கு மேல் வேண்டாம் என்கிறார்கள். ஒரு மார்ட்டினி கிட்டத்தட்ட மூன்று யூனிட். சின்னதாக இருப்பதால் இது ஒரு கிளாஸ் ஒயின் மாதிரி என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. வண்டி ஓட்டப் போகிறவருக்கு நான் இதை ஊற்றுவதே இல்லை. இன்னொன்று வேண்டும் என்று யாராவது கேட்டால், இரண்டாவதாக நான் கலக்கித் தருவது சரிபாதி: ஜின் 30, டோலின் 30, ஒரு துளி ஆரஞ்சு பிட்டர்ஸ், புதிதாகச் சீவிய தோல், ஃப்ரீசரிலிருந்து எடுத்த வேறொரு கிளாஸ்.